அருஞ்சொல் அகராதிகளும் ஆங்கிலச் சொல்வளப் பெருக்கமும் (1531 – 1755)

முன்னுரை

தாய்மொழியில் எழுதப்பெற்ற நூலே ஆயினும் அதனைப் படிப்போர் பொருள் விளங்காது தயங்கி நிற்கும் இடங்கள் உண்டு. அத்தகைய இடங்களை விளக்கிச் செல்லும் மரபு தமிழில் தொன்மையானது. சிலப்பதிகாரத்திற்கு அரும்பதவுரை எழுந்ததும், நிகண்டுகள் தோன்றித் திண்ணைப் பள்ளிகள் வரை மனப்பாடமாக வழங்கிவந்ததும் இத்தேவை கருதியே ஆகும். ஆங்கில மொழியிலும் இத்தகைய தேவை ஒரு காலத்தில் மிகக் கடுமையாக எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து சொற்கள் பெருந்திரளாக ஆங்கிலத்துள் நுழைந்தமையால், ஆங்கிலேயர்க்கே ஆங்கிலம் அரிதாயிற்று. அந்நிலையில் தோன்றியவையே அருஞ்சொல் அகராதிகள். ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் அகராதி மரபு இவற்றிலிருந்தே தொடங்குகிறது.

உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் என இன்று கருதப்படுவது எவ்வாறு உருவாயிற்று, அதனைப் பெறும் வழி யாருக்கு அடைபட்டிருந்தது, யாருக்குத் திறக்கப்பட்டது என்பவற்றை 1531 முதல் 1755 வரையிலான நூல்களை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழின் நிகண்டு மரபும் தனித்தமிழ் இயக்கமும் ஒப்புநோக்கிற்காக இறுதிப் பகுதியில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

அருஞ்சொற்கள் பெருகிய சூழல்

1066-இல் நிகழ்ந்த நார்மானியர் வெற்றிக்குப் பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் பெருமளவில் கலந்தன. எனினும் அவை ஆட்சி, நீதி, உணவு, உடை போன்ற துறைகள் வழியே பேச்சு வழக்கில் மெல்ல மெல்லக் கலந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் நிகழ்ந்த கலப்பு வேறு வகையினது. அது நூல் வழியே நிகழ்ந்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியபின் நூல்கள் பெருகின. செவ்வியல் நூல்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. மருத்துவம், தருக்கம், அணியியல், சமயவியல் ஆகிய துறைகளை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டோர், தம் மொழியில் அவற்றிற்குரிய சொற்கள் இல்லை எனக் கண்டனர். இலத்தீன் கற்ற அவர்கள் அம்மொழிச் சொற்களின் ஈற்றைச் சிறிது திரித்து ஆங்கிலமாக்கிக்கொண்டனர்.

இதனைத் திட்டமிட்டே செய்தவர் சர் தாமஸ் எலியட். 1531-இல் வெளிவந்த இவருடைய 'கவர்னர்' என்னும் நூல், ஆட்சிப் பொறுப்பேற்கும் இளைஞர்க்குரிய கல்வியைப் பேசுவது. இலத்தீனிலிருந்து தாம் கொண்ட புதுச்சொற்களை அருகிலேயே எளிய சொல்லொன்றை இணைத்தோ, விளக்கம் தந்தோ எலியட் ஆள்கிறார். 'மெச்சூரிட்டி' என்னும் சொல்லைத் தாம் ஏன் ஆங்கிலத்திற்குக் கொணர்கிறார் என்பதை அவர் வெளிப்படையாகவே எடுத்துரைத்துள்ளார். மொழியின் குறையை நிறைவு செய்தலே அவர் நோக்கம். நூலுக்குள்ளேயே சொற்பொருள் தரும் இம்முறை, தனி அகராதிக்கு முந்திய நிலை எனலாம். இலத்தீனுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதியொன்றையும் எலியட் 1538-இல் வெளியிட்டார்.

மைக்கொம்புச் சொற்கள் பற்றிய பூசல்

எலியட்டைப் பின்பற்றியோர் அனைவரும் அவரைப் போன்ற பொறுப்புணர்வுடன் நடந்துகொண்டனர் எனக் கூற இயலாது. தேவையின்றியும் பகட்டிற்காகவும் இலத்தீன் சொற்களைப் பெய்து எழுதும் போக்கு வளர்ந்தது. அக்காலத்தில் எழுதுமை விலங்கின் கொம்பால் ஆகிய சிறு கலத்தில் வைக்கப்பட்டது. ஆகவே, பேசுவோர் நாவில் பிறவாது எழுதுவோர் மைக்கூட்டிலிருந்தே பிறந்த சொற்கள் என்னும் இகழ்ச்சி தோன்ற, இத்தகையவை 'மைக்கொம்புச் சொற்கள்' எனப்பட்டன.

1553-இல் தாமஸ் வில்சன் எழுதிய அணியியல் நூலில் இப்போக்கு கடுமையாக எள்ளப்படுகிறது. சமயப் பணியிடம் ஒன்றை வேண்டி ஒருவர் எழுதியதாக அமைந்த கடிதமொன்றை வில்சன் அதில் தருகிறார். வாக்கியந்தோறும் இலத்தீன் சொற்கள் மலிந்த அக்கடிதம் நகைப்பிற்கென்றே அமைக்கப்பட்டது. ஆனால் இன்று அதனைப் படிப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அதில் இடம்பெற்றுள்ள 'இன்ஜென்ட்', 'அப்டெஸ்டேட்', 'அட்ஜுவேட்' போன்றவை மறைந்துபோக, 'செலபிரேட்', 'எக்ஸ்டால்', 'டெக்ஸ்டெரிட்டி', 'அஃபபிலிட்டி' போன்றவை வழக்கில் நிலைத்துள்ளன. எள்ளலுக்குரிய சான்றாகக் காட்டப்பட்ட சொற்களுள் ஒரு பகுதி பின்னாளில் நன்னடைக்குரிய சொல்லாயிற்று.

இதுபோன்றதொரு சான்று நாடகத்திலும் கிடைக்கிறது. 1601-இல் அரங்கேறிய 'பொயட்டாஸ்டர்' என்னும் நாடகத்தில் பென் ஜான்சன், தம்முடன் பூசலிட்ட நாடகாசிரியர் ஜான் மார்ஸ்டனைக் கிரிஸ்பினஸ் என்னும் பாத்திரமாக்கினார். அப்பாத்திரத்திற்கு மருந்து புகட்டப்படுகிறது. உண்ட அருஞ்சொற்களை ஒவ்வொன்றாக அவன் கக்குகிறான். அவன் கக்கியவற்றுள் 'கிளிப்பரி', 'லூப்ரிகல்', 'மேக்னிஃபிகேட்' ஆகியவை வழக்கொழிந்தன. 'ரெட்ரோகிரேடு', 'ரெசிப்ரோகல்', 'டிஃபங்க்ட்', 'ஸ்ட்ரெனுவஸ்', 'ஸ்பூரியஸ்' ஆகியவையோ இன்றும் வாழ்கின்றன. சமகாலத்தவர் செவிக்கு எச்சொல் வாழும், எச்சொல் வீழும் என்பது புலப்படவில்லை என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன.

தூய ஆங்கிலம் நாடிய முயற்சிகள்

எள்ளலோடு நில்லாது மாற்று வழி காட்டியோரும் இருந்தனர். அவருள் தலையாயவர் சர் ஜான் சீக். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரசரால் நிறுவப்பெற்ற கிரேக்கப் பேராசிரியப் பதவியை முதன்முதல் வகித்தவர் இவர். இலத்தீனையும் கிரேக்கத்தையும் அறியாமையால் இவர் அவற்றை விலக்கினார் என எவரும் கூற இயலாது. தாமஸ் ஹோபி மொழிபெயர்த்த இத்தாலிய நூலொன்றிற்கு 1557-இல் எழுதிய மடலில், ஆங்கிலம் கலப்பின்றி எழுதப்பட வேண்டும் என்றும், திருப்பிக் கொடாது கடன் பெற்றுக்கொண்டே இருக்கும் இல்லம் போல மொழியும் நொடித்துப்போகும் என்றும் சீக் கருத்துரைத்தார். இம்மடல் 1561-இல் அம்மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. நொடித்தலைக் குறிக்க அவர் ஆண்ட சொல்லும், தூய்மையைக் குறிக்க ஆண்ட சொற்களுள் ஒன்றும் கடன் சொற்களே என்பது ஆய்வாளர் பலரும் சுட்டிய முரண் ஆகும்.

சீக் தம் கொள்கையைச் செயலிலும் காட்டினார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்க்குத் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல்லை விலக்கி 'ஹண்ட்ரெடர்' என்றும், உவமைக் கதையைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல்லை விலக்கி 'பைவேர்டு' என்றும், உயிர்த்தெழுதலைக் குறிக்க 'கெயின்ரைசிங்' என்றும் சொற்களை ஆக்கினார். இம்மொழிபெயர்ப்பு 1843 வரை அச்சேறவில்லை.

1573-இல் ரால்ஃப் லீவர் தருக்கவியல் நூலொன்றை வெளியிட்டார். தருக்கத்தின் கிரேக்கப் பெயரை ஏலாது 'விட்கிராஃப்ட்', அதாவது அறிவுத்திறக்கலை, என அதற்குப் பெயரிட்டார். எழுவாயை 'ஃபோர்செட்' எனவும், பயனிலையை 'பேக்செட்' எனவும், வரையறையை 'சேவாட்' எனவும், முடிபை 'எண்ட்சே' எனவும் அழைத்தார். முன் வைப்பது, பின் வைப்பது, இன்னது என்பது, இறுதியாகச் சொல்வது எனப் பொருள் தாமே தோன்ற நிற்கும் ஆக்கங்கள் இவை. ஆயினும் இவற்றுள் ஒன்றும் ஆங்கிலத் தருக்கவியலில் நிலைபெறவில்லை.

இத்தோல்விக்கு இரு காரணங்களைக் கருதலாம். முதலாவது, பல்கலைக்கழகங்களில் தருக்கம் இலத்தீனிலேயே கற்பிக்கப்பட்டு வந்தது. கற்றோர் முன்பே அறிந்த சொற்களை விடுத்துப் புதியவற்றைப் பயில வேண்டிய கட்டாயம் அவர்க்கு இல்லை. கல்லாதார்க்கோ லீவரின் நூல் சென்று சேர வழியில்லை. இரண்டாவது, இம்முயற்சிகள் தனித்தனி அறிஞர்தம் முயற்சிகளாகவே நின்றன. பள்ளி, பாடநூல், அகராதி, இதழ் என்னும் துணைகள் அவற்றிற்கு வாய்க்கவில்லை.

காட்ரேயின் அட்டவணை

சொற்களை ஆக்குவோரும் விலக்குவோரும் பூசலிட்டிருக்க, மூன்றாம் வழியொன்று பள்ளி ஆசிரியரிடமிருந்து தோன்றியது. வந்த சொற்கள் வந்துவிட்டன. அவற்றை அறியாதார்க்கு அறிவிப்பதே இனிச் செய்யத்தக்கது என்பது அவ்வழி. மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த ரிச்சர்டு மல்காஸ்டர் 1582-இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ 8,000 சொற்களைப் பட்டியலிட்டார். அது எழுத்துக்கூட்டல் கருதியது, பொருள் தருவதன்று. ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் தொகுத்துப் பொருள் கூறும் அகராதி ஒன்று வேண்டும் என்னும் விருப்பத்தையும் அவர் அதில் தெரிவித்தார். 1596-இல் எட்மண்டு கூட் எழுதிய பள்ளி நூலின் இறுதியில் அருஞ்சொற்களும் அவற்றிற்குச் சுருக்கமான பொருளும் இடம்பெற்றன.

இவற்றின் தொடர்ச்சியாக 1604-இல் இராபர்ட் காட்ரே என்பவரின் 'எ டேபிள் ஆல்ஃபபெட்டிகல்' வெளிவந்தது. அகரவரிசை அட்டவணை என்பது இதன் பொருள். ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே பொருள் தரும் முதல் தனி அகராதி இதுவே என்பர். காட்ரே பள்ளி ஆசிரியராகவும் சமயக் குருவாகவும் பணியாற்றியவர். தூய்மைவாதச் சமயச் சார்பினால் குருப்பதவியை இழந்தவர். ஆசிரியராக இருந்த தம் மகன் தாமஸின் துணையுடன் இந்நூலை உருவாக்கினார். இதில் ஏறத்தாழ 2,500 சொற்கள் உள்ளன. கூட் தந்த பட்டியலின் பெரும்பகுதியை இவர் எடுத்துக்கொண்டுள்ளார். 1609, 1613, 1617 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் வந்தன. முதற்பதிப்பின் படியாக இன்று அறியப்படுவது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள ஒன்றேயாகும்.

இந்நூலின் தலைப்புப் பக்கம் தனிக் கவனத்திற்குரியது. சீமாட்டியர்க்கும் உயர்குடி மகளிர்க்கும் பயிற்சியற்ற பிறர்க்கும் பயன்படுமாறு இது தொகுக்கப்பட்டதென அங்குக் கூறப்படுகிறது. சமயச் சொற்பொழிவிலும் விவிலியத்திலும் பிற நூல்களிலும் எதிர்ப்படும் அருஞ்சொற்களை அவர்கள் உணர்ந்துகொள்ளவும், தாமே ஆளவும் இது துணை செய்யும் என்பது நூலாசிரியர் கூற்றின் சாரம். ஹாரிங்டன் குடும்பத்தில் பிறந்த உடன்பிறந்த சீமாட்டியர் ஐவர்க்கு நூல் உரிமையாக்கப்பட்டுள்ளது.

மகளிரை முன்னிலைப்படுத்தியதற்குக் கல்வி முறையே காரணம். இலத்தீனைக் கற்பித்த இலக்கணப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஆடவர்க்கே உரியனவாக இருந்தன. இலத்தீன் அறிந்த ஆடவன் 'மாக்னிட்யூடு' என்னும் சொல்லை முதன்முறை கண்டபோதே அதன் வேரை உணர்ந்துகொள்வான். அம்மொழி அறியாத பெண்ணுக்கோ வணிகனுக்கோ கைவினைஞனுக்கோ அது வெற்றொலியே. ஒரே மொழி பேசுவோரிடையே இலத்தீன் ஒரு மதிலாக எழுந்து நின்றது. அம்மதிலில் முதன்முதல் திறக்கப்பட்ட சிறு வாயில் காட்ரேயின் அட்டவணை எனில் பொருந்தும்.

அவ்வாயிலில் நுழைவோர் எவ்வகையினர் என்பதைக் காட்ரே நன்கு உணர்ந்திருந்தார். அகராதியைப் பயன்படுத்த விரும்புவோர் முதலில் எழுத்து வரிசையைப் பிழையின்றிக் கற்க வேண்டும் என்றும், தேடும் சொல் முதலெழுத்தில் தொடங்கினால் நூலின் தொடக்கத்திலும், பிந்திய எழுத்தில் தொடங்கினால் இறுதிப் பகுதியிலும் நோக்க வேண்டும் என்றும் அவர் விளக்குகிறார். அகரவரிசையில் தேடும் பழக்கமே கற்பிக்கப்பட வேண்டியிருந்த காலம் அது. பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களையும் கிரேக்கச் சொற்களையும் தனித்தனிக் குறியிட்டு அவர் பிரித்துக் காட்டியுள்ளார். பொருள் பெரும்பாலும் ஒரு சொல்லாலோ சிறு தொடராலோ தரப்படுகிறது.

இந்நூலில் ஒரு முரணும் உண்டு. மைக்கொம்புச் சொற்களைச் சாடி வில்சன் எழுதிய பகுதியைக் காட்ரே தம் முன்னுரையில் பெரிதும் எடுத்தாண்டுள்ளார். அருஞ்சொற்களைக் கண்டிக்கும் முன்னுரையைத் தொடர்ந்து அருஞ்சொற்பட்டியல் அமைகிறது. எனினும் இது முற்றிலும் பொருந்தாதது என்பதற்கில்லை. எளிய நடையே எழுதுவோர்க்கு நன்று. ஆனால் பிறர் அரிதாக எழுதியதையும் படிப்போர் அறிய வேண்டும் என்னும் ஆசிரியர் மனநிலையே இரண்டிற்கும் அடிப்படை.

விளக்கமும் அலங்காரமும்

காட்ரேக்குப் பின் மருத்துவரான ஜான் புல்லக்கரின் அகராதி 1616-இல் வெளிவந்தது. வழக்கொழிந்த பழஞ்சொற்களுக்கு அவர் உடுக்குறியிட்டுக் காட்டினார். 1623-இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட நூலே 'ஆங்கில அகராதி' என்னும் பெயரை முதன்முதல் தாங்கியது. இந்நூல் மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி அருஞ்சொற்களுக்கு எளிய பொருள் தருவது. இரண்டாம் பகுதி இதற்கு நேர்மாறானது. எளிய சொற்களை அகரவரிசையில் நிறுத்தி, அவற்றிற்கு ஈடான உயர்வழக்குச் சொற்களைத் தருவது. மூன்றாம் பகுதி தெய்வங்கள், விலங்குகள், பறவைகள், மரங்கள் முதலியவற்றின் பெயர்களை விளக்குவது.

இரண்டாம் பகுதியின் நோக்கம் சிந்தனைக்குரியது. காட்ரே படிப்போர்க்கு முதன்மையாக உதவினார். காக்கரம் எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும் உதவ முற்பட்டார். பொதுமக்கள் சொல்லைக் கற்றோர் சொல்லாக மாற்றிக்கொள்ளும் கருவியாக அகராதி மாறிற்று. இவ்வாறு அருஞ்சொல் அறிவதற்குரிய ஒன்று என்னும் நிலையிலிருந்து அணிவதற்குரிய ஒன்று என்னும் நிலையை எய்தியது. குதிரையேறி அகல்வதைக் குறிக்கும் 'அபெக்விடேட்', தலைவிக்கு ஒப்பனை செய்யும் பணிப்பெண்ணைக் குறிக்கும் 'கமோட்ரிக்ஸ்' போன்ற சொற்கள் இந்நூலில் காணப்படுகின்றன. இலத்தீன் அகராதிகளிலிருந்து ஆக்கிக்கொள்ளப்பட்ட இத்தகைய சொற்கள் அகராதியிலேயே பிறந்து அகராதியிலேயே மடிந்தன.

பொருளறியாது அணிந்த அணி நகைப்பிற்கிடமாகும். 1775-இல் அரங்கேறிய ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் வரும் மாலப்ராப் அம்மையார் அருஞ்சொற்களை இடம் மாற்றி வழங்கி நகையூட்டுகிறார். அவர் பெயரே இப்பிழைக்குரிய ஆங்கிலச் சொல்லுக்கு அடியாயிற்று. இங்கும் நகைக்கப்படுபவர் பெண்ணே என்பது கருதத்தக்கது. இலத்தீன் கல்வி மறுக்கப்பட்ட ஒருவர் அதன் விளைவாகிய சொற்களை ஆள முயன்று தவறும்போது அத்தவறு அவருடைய அறியாமையாகவே காட்டப்படுகிறது. கல்வி மறுப்பின் விளைவாகக் காட்டப்படுவதில்லை.

பிளௌண்ட் முதல் ஜான்சன் வரை

1656-இல் வெளிவந்த தாமஸ் பிளௌண்டின் 'கிளாசோகிராஃபியா' ஏறத்தாழ 11,000 சொற்களைக் கொண்டது. பிளௌண்ட் சட்டம் பயின்றவர், கத்தோலிக்கர். இருபதாண்டுகள் உழைத்து இதனைத் தொகுத்தார். சொற்பிறப்பைத் தருவதிலும், சொல் எந்நூலாசிரியரிடமிருந்து எடுக்கப்பட்டது எனச் சுட்டுவதிலும் இவர் முன்னோடி. தாம் இந்நூலைத் தொகுக்க நேர்ந்த காரணத்தை அவர் முன்னுரையில் விளக்குகிறார். துருக்கியர் வரலாற்றைப் படித்தபோது அறியாச் சொற்கள் தடுத்தன. இலண்டன் கடைகளில் தையற்காரரும் செம்மாரும் தொப்பி வணிகரும் மது விற்போரும் தத்தம் பொருள்களுக்கு வழங்கிய பெயர்களும் விளங்கவில்லை என்பது அவர் கூறுவதன் கருத்து. அருஞ்சொல் என்பது இலத்தீன் நூல்களில் மட்டுமன்றி வணிகத்தின் வழியும் வந்து சேர்ந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

1658-இல் கவிஞர் மில்டனின் உடன்பிறந்தாள் மகனாகிய எட்வர்டு பிலிப்ஸ் வெளியிட்ட அகராதி, பிளௌண்டின் நூலிலிருந்து பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. இதனால் சினந்த பிளௌண்ட் 1673-இல் பிலிப்ஸின் பிழைகளைத் தொகுத்துத் தனிநூலாகவே வெளியிட்டார். அகராதித் தொழில் வருவாய் தரும் தொழிலாகிவிட்டதை இப்பூசல் காட்டுகிறது.

1702-இல் ஜே. கே. என்னும் எழுத்துகளை மட்டுமே ஆசிரியர் பெயராகத் தாங்கி ஓர் அகராதி வெளிவந்தது. இவர் ஜான் கெர்சி எனக் கருதப்படுகிறார். அருஞ்சொற்களோடு நில்லாது அன்றாடச் சொற்களுக்கும் இதில் முதன்மை இடம் அளிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் அகராதி என்றால் அருஞ்சொல் தொகுப்பு என்றிருந்த கருத்து இதனால் மாறிற்று. 1721-இல் நேதன் பெய்லி ஏறத்தாழ 40,000 சொற்களைத் தொகுத்தார். 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி 42,000-க்கும் மேற்பட்ட சொற்களுடனும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களுடனும் வெளிவந்தது. சொல் நல்லதா அல்லதா என்னும் வாதத்திற்கு மாறாக, நல்லாசிரியர் அதனை எங்ஙனம் ஆண்டனர் என்னும் சான்றை ஜான்சன் முன்வைத்தார். எனினும் அருஞ்சொல் மரபின் சாயல் அவரையும் விடவில்லை. வலையமைப்பைக் குறிக்கும் எளிய சொல்லுக்கு, அதனினும் பன்மடங்கு அரிய இலத்தீன் சொற்களால் அவர் பொருள் எழுதியது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி.

நின்றவையும் மறைந்தவையும்

இரு நூற்றாண்டுகளில் நுழைந்த சொற்களுள் நிலைத்தவற்றையும் மறைந்தவற்றையும் ஒப்பிடும்போது சில பொதுமைகள் புலனாகின்றன. முன்பு பெயரில்லாத கருத்திற்குப் பெயராக வந்தவை நிலைத்தன. எலியட்டின் 'என்சைக்ளோபீடியா' இத்தகையது. முன்பிருந்த எளிய சொல்லோடு பொருள் நுட்பத்தில் வேறுபட்டவையும் நிலைத்தன. வினவுதலைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஆஸ்க்' என்னும் இயற்சொல்லும், 'க்வெஸ்ச்சன்' என்னும் பிரெஞ்சு வழிச் சொல்லும், 'இன்டராகேட்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லும் உள்ளன. முதலாவது வீட்டிலும், இரண்டாவது மன்றத்திலும், மூன்றாவது காவல் விசாரணையிலும் பொருந்துவன. முன்பிருந்த சொல்லுக்கு எவ்வகையிலும் புதிது சேர்க்காதவை மறைந்தன.

இவ்வளர்ச்சிக்கு ஆங்கிலம் கொடுத்த விலையும் உண்டு. பெயர்ச்சொல் ஒரு வேரிலும் அதற்குரிய அடைச்சொல் வேறொரு வேரிலும் அமைவது அம்மொழியில் இயல்பாயிற்று. வாய் 'மவுத்' எனப்பட, வாய் சார்ந்தது 'ஓரல்' எனப்படுகிறது. திங்கள் 'மூன்' எனப்பட, திங்கள் சார்ந்தது 'லூனார்' ஆகிறது. 'புக்' என்னும் சொல்லறிந்த குழந்தைக்கு 'லைப்ரரி' என்னும் சொல்லில் நூலின் சாயல் தோன்றுவதில்லை. ஆகவே ஆங்கிலக் குழந்தையும் தன் மொழியின் மேல்தளச் சொற்களை அயன்மொழிச் சொற்களைப் போலவே பயில வேண்டியுள்ளது. டேவிட் கார்சன் 1985-இல் வெளியிட்ட நூலில் இதனைச் 'சொல் தடை' என்னும் கருத்தாக விளக்கினார். கிரேக்க இலத்தீன் வழிச் சொற்களில் பழகும் வாய்ப்பு எல்லா வகுப்பினர்க்கும் ஒத்து அமையாமையால், கல்வியில் ஏற்றத்தாழ்வு விளைகிறது என்பது அவர் கோட்பாடு. 2000-ஆம் ஆண்டில் ஏவரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலின் 570 சொற்குடும்பங்களுள் பெரும்பான்மையும் கிரேக்க இலத்தீன் வழியினவே என்பது இங்கு நோக்கத்தக்கது.

காட்ரே, காக்கரம் ஆகியோர் காட்டிய இரு வழிகளும் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. 1949-இல் வெளிவந்து இந்திய மாணவரிடையே பெரிதும் பரவிய நார்மன் லூயிஸின் சொல்வளப் பயிற்சி நூல், கிரேக்க இலத்தீன் வேர்களைக் கற்பித்து அரிய சொற்களை ஆளப் பழக்குவது. வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் இதற்கு மறுதலையான வழியைத் தேர்ந்தார். 1935-இல் அவர் எண்டிகாட்டுடன் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 பதிவுகளை 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்குவது. எளிய சொல்லால் அரிய சொல்லை விளக்கும் காட்ரேயின் நோக்கம், இந்திய வகுப்பறையின் தேவையால் முழுமையுற்றது எனலாம்.

தமிழ் மரபோடு ஒப்புநோக்கு

அருஞ்சொல்லை இனங்காணுதல் தமிழில் தொல்காப்பியத்திலேயே காணப்படுகிறது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நால்வகைப் பாகுபாடு அதனை உணர்த்தும். வடசொல்லை விலக்காது, அதன் எழுத்தை விலக்கித் தமிழ் எழுத்தால் ஏற்க வேண்டும் என்னும் விதி, எலியட்டின் ஏற்பிற்கும் சீக்கின் மறுப்பிற்கும் இடைப்பட்ட நெறி ஆகும்.

திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பொருள் வகையால் தொகுக்கப்பட்டவை. காக்கரத்தின் மூன்றாம் பகுதி இவ்வமைப்பை ஒத்தது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தந்து செய்யுள் இயற்றுவோர்க்கு நிகண்டு உதவியது போல, அவருடைய இரண்டாம் பகுதி உரைநடை எழுதுவோர்க்கு உதவ முயன்றது. ஆனால் நிகண்டு செய்யுள் வடிவினது. மனப்பாடம் செய்து ஆசிரியர் வழிக் கற்றற்குரியது. அகரவரிசை அகராதியோ ஆசிரியரின்றித் தனியே படிப்போர்க்கு உரியது. இரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594-இல், காட்ரேயின் நூலுக்குப் பத்தாண்டுகள் முன்னரே, சொற்களை முதலெழுத்து நோக்கி அடுக்கியது. எனினும் அதுவும் செய்யுளாகவே அமைந்தது. அச்சின் துணையும் அன்று அதற்கில்லை. 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியே தமிழில் உரைநடை வழி அகராதிக்குப் பாதை வகுத்தது.

1916-இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கத்தை சீக், லீவர் ஆகியோரின் முயற்சியோடு ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. மறைமலையடிகள் தனியர் அல்லர். அச்சில் வந்துகொண்டிருந்த சங்க நூல்கள் சொற்சுரங்கமாக அமைந்தன. இதழ்களும் மன்றங்களும் பின்னர்ப் பாடநூல்களும் துணை நின்றன. ஆங்கிலத் தூய்மையாளர்க்கு வாய்க்காத நிறுவனத் துணை இங்கு வாய்த்தது. இதன் பயனாக நூலகம், பேருந்து, ஒளிச்சேர்க்கை போன்ற சொற்கள் பொதுவழக்காயின. நூல், அகம் என்னும் இரண்டும் அறிந்த குழந்தைக்கு நூலகம் அருஞ்சொல் அன்று. லீவர் விரும்பியும் எய்தாத பயன் இது.

ஆயினும், தூய சொல் அனைத்தும் எளிய சொல் ஆகிவிடுவதில்லை. தமிழ் வேரிலிருந்து ஆக்கப்பட்ட கலைச்சொல்லும் விளக்கமின்றி வழங்கப்படின், இலத்தீன் சொல் ஆங்கிலப் பெண்ணுக்கு நின்றதுபோலவே, கல்விப் பின்னணியற்ற தமிழ் மாணவர்க்கு மதிலாகவே நிற்கும். 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தற்காலச் சொற்களை எளிய தமிழில் விளக்கி இத்திசையில் வழிகாட்டியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொல்வளம் இயல்பாக விளைந்ததன்று. இலத்தீன் கற்ற சிறுபான்மையினர் தம் தேவைக்கும் சில வேளை தம் பெருமைக்கும் ஆக்கிக்கொண்டது.

சொல்லை ஏற்றலா விலக்கலா என்னும் பூசலைக் கொள்கைவாதிகள் தீர்க்கவில்லை. எள்ளப்பட்ட சொற்கள் பல நின்றன. பொருள் விளங்கும் ஆக்கங்கள் பல வீழ்ந்தன.

கல்விக்கூடத்திற்கு வெளியே நிறுத்தப்பட்ட மகளிரையும் பிறரையும் முன்னிறுத்தியே ஆங்கில அகராதிக்கலை தொடங்கிற்று. எனினும் அதே அகராதிகள் அருஞ்சொல்லைத் தகுதியின் அடையாளமாக்கவும் துணைபோயின.

தனித்தமிழ்ச் சொல்லாக்கம் வேர்த்தெளிவாலும் நிறுவனத் துணையாலும் வெற்றி கண்டது. அவ்வெற்றி நிலைபெற, சொல்லை ஆக்குவோர் அதனை அறியாதார்க்கு விளக்கும் கடமையையும் உடன் ஏற்க வேண்டும்.

பதவி இழந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் 1604-இல் தொகுத்த சிறு நூலில் இன்றைய அகராதியியலுக்குரிய நுட்பங்கள் பல இல்லை. ஆனால் அது யாருக்காக என்னும் வினாவிற்கு அதன் தலைப்புப் பக்கத்திலேயே விடை உள்ளது. கலைச்சொல் தொகுப்பு எதுவாயினும் முதலில் விடை கூற வேண்டிய வினாவும் அதுவே ஆகும்.